ஸ்போர்ட்டி காருக்கு டயர் மாத்துறீங்களா? முதல்ல மழையில் பிடிக்குமான்னு பாருங்க

டர்போ பெட்ரோல் இன்ஜின், 16 அங்குல அலாய் வீல், கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷன். ‘ஸ்போர்ட்டி’ ரகத்தில் வரும் ஹேட்ச்பேக், செடான் கார்கள் இப்போது சின்ன ஊர்களில்கூட சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. வாங்கி மூன்று நான்கு வருஷம் ஓடியதும் இந்தக் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் வரும் கேள்வி ஒன்றுதான்: அடுத்து எந்த டயர் போடுறது?

காரை வாங்கும் முன் ஆறு மாசம் வீடியோ பார்த்து, நாலு ஷோரூம் ஏறி இறங்கியவர்கள்கூட டயரை மட்டும் கடையில் நின்றபடியே பத்து நிமிஷத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். கடைக்காரர் ஸ்டாக்கில் இருப்பதைக் காட்டுவார். நண்பர் அகலமாக இருப்பதைச் சொல்வார். நாம் தலையாட்டிவிட்டு வருவோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க வேண்டிய வேலை இது.

எந்த நிறுவனத்தின் டயர் நல்லது என்று இந்தக் கட்டுரை சொல்லாது. அரசு இதழில் அது முறையும் இல்லை. இரண்டு மூன்று டயர்களைப் பக்கத்தில் வைத்து எப்படி ஒப்பிடுவது, எதை முதலில் பார்ப்பது, எதையெல்லாம் போனிலேயே சரிபார்க்கலாம் என்பதைப் பார்ப்போம்.

80-ல் பிரேக் அடித்தால்

ஒரு சின்னக் கணக்கு. மழையில் நனைந்த தார்ச்சாலையில் ஒரே மாடல் கார்கள் இரண்டு, மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் பக்கம் பக்கமாகப் போகின்றன. இரண்டு டிரைவர்களும் ஒரே நொடியில் முழு பிரேக் அடிக்கிறார்கள். முதல் காரின் டயருக்கு ஈரத்தில் உராய்வுக் கெழு 0.8, இரண்டாவது காருக்கு 0.6 என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூட இயற்பியலில் படித்த அதே உராய்வுக் கெழுதான்.

முதல் கார் சுமார் 31 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது கார் நிற்க 42 மீட்டர் வேண்டும். ‘பதினோரு மீட்டர்தானே’ என்று தோன்றும். ஆனால் முதல் கார் நின்ற அந்தக் கோட்டை இரண்டாவது கார் தாண்டும்போது அதன் வேகம் இன்னும் 40 கி.மீ. இருக்கும். முன்னால் ஒரு பைக்கோ, ரோட்டைக் கடக்கும் ஒருவரோ இருந்தால் ஒருவருக்குத் திகில் மட்டும், இன்னொருவருக்கு விபத்து. கார் ஒன்றுதான், பிரேக் ஒன்றுதான், ஏபிஎஸ்ஸும் ஒன்றுதான். வித்தியாசம் ரப்பரில்.

பெர்ஃபார்மன்ஸ் டயர் என்றதும் வேகம்தான் ஞாபகத்துக்கு வரும். நம் சாலைகளில் அதன் முக்கிய வேலை நிறுத்துவதும் திருப்புவதும்தான். ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடும் இடம் சுமார் ஒரு உள்ளங்கை அளவு. இன்ஜினின் சக்தி, பிரேக்கின் சக்தி, ஸ்டியரிங்கின் கட்டளை எல்லாம் அந்த நாலு உள்ளங்கை வழியாகத்தான் ரோட்டுக்குப் போகணும்.

அடுத்தது, தேங்கிய தண்ணீர். டயர் பட்டன்களுக்கு நடுவே இருக்கும் பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ள முடியாத அளவுக்கு வேகம் கூடினால் டயர் ரோட்டை விட்டுவிட்டுத் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பிக்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். பிரேக்கும் பிடிக்காது, திருப்பினாலும் கார் திரும்பாது. அக்வாபிளேனிங் என்று இதைச் சொல்கிறார்கள். 1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களைச் சோதித்து இதற்கு ஒரு சூத்திரம் சொன்னார்கள். டயரின் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மிதக்கும் வேகம் மாறும் என்பது அதன் சாரம். கார் டயருக்கு உத்தேசமாகப் போட்டுப் பார்த்தால் 33 பிஎஸ்ஐ காற்றில் சுமார் 95 கி.மீ. வேகத்திலும், 22 பிஎஸ்ஐ காற்றில் சுமார் 78 கி.மீ. வேகத்திலும் மிதக்கத் தொடங்கும். தேய்ந்த டயராக இருந்தால் இதற்கும் கீழேயே மிதக்கும்.

ஆகவே நம் ஊர் ஸ்போர்ட்டி காருக்கு டயர் தேடும்போது முதல் கேள்வி ‘ஈரத்தில் எவ்வளவு பிடிக்கும்?’ என்பதுதான். காய்ந்த ரோட்டுப் பிடிமானம், சத்தம், சொகுசு, எத்தனை கிலோமீட்டர் வரும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சைடுவாலில் என்ன எழுதியிருக்கு?

போன் டார்ச்சைப் போட்டு உங்கள் காரின் டயர் பக்கவாட்டைப் பாருங்கள். உதாரணமாக 195/55 ஆர்16 87வி என்று இருக்கலாம். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது சைடுவாலின் உயரம், அகலத்தில் 55 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

கடைசியில் வரும் 87வி-யைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். 87 என்பது சுமைக் குறியீடு. அந்த ஒரு டயர் 545 கிலோ வரை தாங்கும் என்று அர்த்தம். 84 என்றால் 500 கிலோ, 91 என்றால் 615 கிலோ. வி என்பது வேகக் குறியீடு, அதிகபட்சம் மணிக்கு 240 கி.மீ. இதே வரிசையில் டி 190, எச் 210, டபிள்யூ 270, ஒய் 300. ‘240-ல யாருங்க போகப்போறா?’ என்று கேட்கலாம். யாரும் போகக் கூடாதுதான். ஆனால் மே மாத வெயிலில், நாலு பேர், பெட்டி படுக்கையோடு திருச்சி வரைக்கும் ஓடும்போது டயருக்குள் ஏறும் சூட்டைத் தாங்குவதிலும் இந்தக் குறியீட்டுக்குப் பங்கு உண்டு. கார் கம்பெனி வி கொடுத்திருந்தால் எச் போட்டு ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டாம். சுமைக் குறியீடும் அப்படித்தான். மேலே போகலாம், கீழே இறங்கக் கூடாது.

உங்கள் காருக்குச் சரியான அளவும் காற்றழுத்தமும் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ, பெட்ரோல் மூடிக்கு உள்பக்கத்திலோ ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பேச்சு ஆரம்பிப்பதே அந்தப் போட்டோவிலிருந்துதான் இருக்கணும்.

“215 போட்டுக்கலாம் சார், லுக்கு வேற லெவல்”

டயர் கடையில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் இது.

“சார், 195 எதுக்கு? 215 போட்டுக்கலாம். ரோட்டுல அப்படியே ஒட்டிக்கும்.”

“ரிம்மு பழசுதானேண்ணே, சேருமா?”

“அதெல்லாம் சேரும் சார். நிறைய பேரு போட்டுட்டுப் போறாங்க.”

கணக்குப் பார்ப்போம். 195/55 ஆர்16 டயரின் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. 215/55 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 643 மி.மீ. மூன்றரை சதவீதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்து வேகம் சொல்கிறது. டயர் பெரிசானால் மீட்டர் காட்டுவதைவிட உண்மை வேகம் அதே விகிதத்தில் கூடும். ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும். வீல் வளைவில் உரசலாம், ஸ்டியரிங் முழுசாகத் திருப்பும்போது இடிக்கலாம். ரிம்மின் அகலம் போதாவிட்டால் சைடுவால் பிதுங்கி நிற்கும். அப்போது திருப்பத்தில் கூர்மை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துபோகும். மழையில் இன்னொரு சிக்கல்: அகலமான டயர் வழியிலிருந்து தள்ள வேண்டிய தண்ணீரும் அதிகம். 215 ரோட்டில் ஒட்டுமா என்பதைவிட தேங்கிய தண்ணீரில் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

அளவு மாற்றவே கூடாது என்று இல்லை. ஒரே மாடலின் கீழ்நிலை வேரியன்டில் 185/65 ஆர்15, மேல்நிலை வேரியன்டில் 195/55 ஆர்16 என்று கார் கம்பெனியே கொடுப்பது உண்டு. இவற்றின் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றேதான், ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. இப்படி உங்கள் மாடலுக்குக் கம்பெனி அங்கீகரித்த அளவுக்குள் மாறுவது பாதுகாப்பான வழி. அதற்கு வெளியே போகும் முன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை ஞாபகத்தில் வைங்க. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வேறு அளவு போட ஆசைப்பட்டால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நிற்கும்போது ‘கடைக்கார அண்ணன் சொன்னாரு’ என்பது பதில் ஆகாது.

மூன்று ரகம்

கடையில் நூறு பெயர்கள் இருந்தாலும் நம் வேலைக்கு மூன்று ரகமாகப் பிரித்தால் போதும். முதலாவது சொகுசு ரகம். சத்தம் குறைவு, தேய்மானம் குறைவு, சைடுவால் மென்மை. இரண்டாவது ஸ்போர்ட்ஸ் அல்லது அல்ட்ரா ஹை பெர்ஃபார்மன்ஸ் ரகம். ரப்பர் கலவை கொஞ்சம் இளக்கமாகவும் சைடுவால் கெட்டியாகவும் இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் தாமதிக்காமல் திரும்பும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலோ இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

மூன்றாவது ரகம் ரேஸ் டிராக்குக்குப் பக்கத்தில் நிற்பது. பள்ளங்கள் குறைவு, ரப்பர் மிக இளக்கம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவர்களுக்கு அது சரி. தினமும் ஆபீஸ் போகிற காருக்கு வேண்டாம். தண்ணீர் தேங்கிய சாலையில் இந்த ரகம் பயமுறுத்தும்.

இரண்டாவது ரகத்திலும் ஒரு குறை உண்டு. சைடுவால் உயரம் குறைவாகவும் கெட்டியாகவும் இருப்பதால் குழியில் வேகமாக இறங்கினால் அடி நேராக ரிம்முக்குப் போகும். உள்ளே நூலிழை அறுந்து சைடுவாலில் முட்டை மாதிரி வீங்கும். அப்படி வீங்கிய டயரை ஒட்டி, தைத்து ஓட்டக் கூடாது, உடனே மாற்றணும். உங்கள் தெரு முழுக்கக் குழி என்றால் 16 அங்குலத்திலிருந்து 17-க்குத் தாவுவது பற்றி இரண்டு முறை யோசியுங்கள்.

எந்த எண்ணை நம்புவது?

சில டயர்களில் ட்ரெட்வேர் 300, டிராக்‌ஷன் ஏ, டெம்பரேச்சர் ஏ என்று இருக்கும். இது அமெரிக்காவின் தர முறை. ட்ரெட்வேர் எண் கூடினால் தேய்மானம் குறைவு. ஆனால் அந்த எண்ணைத் தயாரிப்பு நிறுவனமே நிர்ணயிக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே ஒப்பிடுவது அவ்வளவு சரியாக வராது. டிராக்‌ஷன் என்பது ஈரமான ரோட்டில் நேராகப் போய் பிரேக் அடிப்பதற்கான மதிப்பு. ஏஏ, ஏ, பி, சி என்று இறங்கும். வளைவில் எப்படிப் பிடிக்கும், தேங்கிய தண்ணீரில் மிதக்குமா என்பது அதில் வராது. டெம்பரேச்சர் ஏ, பி, சி என்பது சூட்டைத் தாங்கும் திறன். நம் வெயிலுக்கு ஏ-க்குக் கீழே போக வேண்டாம்.

இந்தியாவில் 2022 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதிகளைத் திருத்தி, கார் டயர்களுக்கு உருளும் தடை, ஈரப்பிடிமானம், சத்தம் ஆகிய மூன்றுக்கும் குறைந்தபட்ச அளவைக் கட்டாயமாக்கியது. ஏஐஎஸ் 142 என்ற தரநிலை அது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அது பாஸ் மார்க் மாதிரி. 35 வாங்கியவரும் 95 வாங்கியவரும் பாஸ்தான், அந்த மார்க் டயர் மேலே அச்சடிக்கப்படுவதில்லை. எரிசக்தி திறன் செயலகத்தின் நட்சத்திர லேபிள் சில டயர்களில் இருக்கும். ஃபிரிட்ஜில் பார்க்கிறோமே, அதே மாதிரி. அந்த நட்சத்திரம் எரிபொருள் சிக்கனத்துக்கானது. ஐந்து நட்சத்திரம் என்பதாலேயே மழையில் நன்றாக நிற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐரோப்பாவில் விற்கும் டயர்களுக்கு ஈரப்பிடிமானம் ஏ முதல் இ வரை லேபிளில் வரும். டயர் பெயரையும் அளவையும் போட்டு போனில் தேடலாம். ஆனால் அதே பெயரில் இந்தியாவில் விற்கும் டயர் வேறு தொழிற்சாலையில், வேறு கலவையில் வந்திருக்கலாம். ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட உதவுவது சுதந்திரமாக நடத்தப்படும் ஒப்பீட்டுச் சோதனைகள். அவற்றைப் படிக்கும்போது நாலு விஷயம் பாருங்க: எல்லா டயரும் ஒரே அளவா, ஒரே காரா, ஒரே நாளா, ஈர பிரேக் தூரத்தை மீட்டரில் சொல்கிறார்களா. ஒரு சோதனையில் வந்த 30 மீட்டரையும் இன்னொரு சோதனையில் வந்த 33 மீட்டரையும் ஒப்பிடக் கூடாது. ரோடும் தண்ணீரும் வேறு. ஒரே சோதனைக்குள் முதல் டயருக்கும் மூன்றாவது டயருக்கும் எத்தனை சதவீதம் வித்தியாசம் என்பதுதான் பயன்படும்.

‘போட்டு 200 கிலோமீட்டர் ஓட்டிட்டேன், செம கிரிப்பு’ என்கிற வீடியோக்கள் நிறைய. மொட்டை டயரிலிருந்து புது டயருக்கு மாறியவருக்கு எந்த டயரும் செமையாகத்தான் இருக்கும்!

காசுக் கணக்கு

மூன்று டயர்களைப் பக்கத்தில் வைப்போம். விலையும் ஓடும் தூரமும் கணக்குப் புரிவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. சொகுசு ரகம் ஒன்று 7,500 ரூபாய், 45,000 கி.மீ. ஓடும். ஸ்போர்ட்ஸ் ரகம் ஒன்று 9,000 ரூபாய், 38,000 கி.மீ. டிராக் ரகம் ஒன்று 12,000 ரூபாய், 18,000 கி.மீ.

நாலு டயருக்குப் பார்த்தால் முதலாவது கிலோமீட்டருக்கு 67 பைசா, இரண்டாவது 95 பைசா, மூன்றாவது 2 ரூபாய் 67 பைசா. வருஷத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுகிறவருக்கு முதல் இரண்டுக்கும் வித்தியாசம் வருஷத்துக்குச் சுமார் 3,400 ரூபாய், அதாவது மாசத்துக்கு 280 ரூபாய். இந்த 280 ரூபாய்க்கு ஈர பிரேக் தூரத்தில் நாலைந்து மீட்டர் குறைகிறதா என்பதுதான் கேள்வி. குறைந்தால் கொடுக்கலாம். குறையாவிட்டால், சைடுவாலில் ‘ஸ்போர்ட்’ என்ற எழுத்துக்காகக் கொடுக்கத் தேவையில்லை. ஈரத்தில் நன்றாக மதிப்பெண் வாங்கும் சொகுசு ரக டயர்களும் உண்டு. நகர டிராஃபிக்கிலேயே ஓடும் காருக்கு அதுவே போதும். வாரக் கடைசியில் நெடுஞ்சாலையும் மலையும் ஏறுகிறவர் ஸ்போர்ட்ஸ் ரகத்துக்குப் போகலாம். மூன்றாவதை விட்டுவிடுங்கள்.

கடையில் நிற்கும்போது போனை எடுங்க

சைடுவாலில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் தயாரிப்புத் தேதி. 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம். ஒரு பக்கத்தில் மட்டும் முழுசாக இருக்கும், ஆகவே மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். நாலு டயருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். திருவொற்றியூர், அரக்கோணம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய் கண்டிகை என்று டயர் தொழிற்சாலைகள் நம்மைச் சுற்றியே இருந்தாலும், ஸ்போர்ட்ஸ் அளவுகள் மெதுவாக விற்பவை. கடை குடோனில் ஒன்றரை வருஷம் தூங்கிய டயர் முழு விலைக்கு வரலாம். ஆறு மாசத்துக்குள் இருந்தால் சந்தோஷமாக வாங்கலாம். ஒரு வருஷத்தைத் தாண்டியிருந்தால் வேறு கேளுங்கள், இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து ஐஎஸ்ஐ முத்திரை. கார் டயர்களுக்கு இது கட்டாயம். பொருந்தும் தரநிலை ஐஎஸ் 15633. முத்திரைக்குப் பக்கத்தில் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது எந்த நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது, உரிமம் நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். ஒரு நிமிஷ வேலை. வெளிநாட்டிலிருந்து வந்தது, விலை பாதி என்று சொல்லி யாராவது டயர் காட்டினால் இந்தச் சோதனை முக்கியம்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் புதிய கார் டயர்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அந்த விகிதம்தான் இருக்கிறதா என்று பாருங்கள். டயரின் முழுப் பெயர், அளவு, எத்தனை, முடிந்தால் வரிசை எண் எல்லாம் பில்லில் வரட்டும். சில நிறுவனங்களின் வாரன்டி, குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆன்லைனில் பதிவு செய்தால்தான் செல்லும். குழியில் அடிபட்டால் வாரன்டி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உற்பத்திக் குறைபாட்டுக்கு மட்டும்தான் உண்டு, அதிலும் தேய்ந்த அளவுக்குக் கழித்துக்கொள்வார்கள்.

மாட்டி முடித்ததும் ஒரு பார்வை. சில டயர்களில் ‘அவுட்சைடு’ என்று எழுதியிருக்கும், அந்தப் பக்கம் வெளியே தெரியணும். சிலவற்றில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். தப்பாக மாட்டினால் தண்ணீரைத் தள்ளும் வேலை கெட்டுப்போகும்.

இரண்டு மட்டும் மாத்தினா எங்கே போடுவது?

பட்ஜெட் காரணமாக இரண்டு டயர் மட்டும் வாங்குகிறவர்கள் நிறைய. ‘முன்னாடி வீல்தானே இழுக்குது, முன்னாடி போடுங்க’ என்பதுதான் வழக்கம். டயர் நிறுவனங்கள் சொல்வது இதற்கு நேர் எதிர்: புது டயர்களைப் பின்னால் போடுங்கள்.

காரணம் இது. ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் கார் திரும்பாமல் நேராகப் போகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடிமானம் பெரும்பாலும் திரும்பும். டிரைவருக்கு ஸ்டியரிங்கிலேயே அது தெரிந்தும்விடும். பின் டயர் வழுக்கினால் காரின் பின்பக்கம் வெளியே வீசும். கை உணர்வதற்குள் கார் சுற்றிவிடும். அதைச் சமாளிக்கும் பயிற்சி நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உதவும்தான், ஆனால் அதுவும் டயர் பிடித்தால்தான் வேலை செய்யும். ஆகவே நல்ல பட்டன் உள்ளவை பின்னால், சுமாரானவை முன்னால். முன்னால் போனவை மொட்டை நிலையில் இருந்தால் நாலும் மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரே அச்சில் இரண்டு வேறு பிராண்ட், இரண்டு வேறு பேட்டர்ன் மட்டும் போடவே கூடாது.

பட்டன் எவ்வளவு இருந்தால் போதும்?

புது டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காருக்குக் குறைந்தபட்சம் 1.6 மி.மீ. சைடுவால் ஓரத்தில் டிடபிள்யூஐ என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் சின்ன மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. சட்டத்துக்கு 1.6 போதும், அடைமழைக்குப் போதாது. செப்டம்பரில் பார்க்கும்போது 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஐந்து வருஷம் கழித்து வருஷம் ஒருமுறை டயரைக் கழற்றிப் பார்க்கணும். பத்து வருஷமானால் எப்படி இருந்தாலும் ஓய்வு கொடுத்துவிடணும். அதிகம் ஓடாத காரின் ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

காற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். வெப்பம் 10 டிகிரி மாறினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ மாறும். ஓடி வந்த சூட்டில் அளந்து ‘கூட இருக்கு’ என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். நைட்ரஜன்தான் போடணுமா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். ஸ்டிக்கரில் இருக்கும் அளவுக்கு ஒழுங்காகக் காற்று வைத்தாலே போதும்.

பிரச்சினை வந்தால்

பழைய தேதி டயரைப் புதுசு என்று விற்றாலோ, வாரன்டியை மறுத்தாலோ முதலில் கடைக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். மின்னஞ்சல் போதும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் ‘இ-ஜாக்ரிதி’ தளம் வழியாக ஆன்லைனிலேயே மனு போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இடம் தருகிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். டயரை மாட்டும் முன் நாலு சைடுவாலின் டிஓடி எண்ணையும், மாட்டியபின் ஓடோமீட்டரையும், பில்லையும் போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.